குனிந்து பார்த்த ஏழு பெட்டிகள்

நாச்சிமுத்து தன் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்திருந்தார். நவமணி அதைக் கவனித்தாள். கையை மறைப்பவர்களைக் கவனிப்பது அவளுக்கு வேலையாகவே ஆகியிருந்தது.

"நா தொடவே இல்லீங்க," என்றார் அவர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

சொல்லிவிட்டு அவள் பேனாவை மூடினாள். எதிரில் இருப்பவரை இப்படிப் பேசாமல் சற்று நேரம் விட்டுவைத்தால், தாங்கமுடியாமல் ஏதாவது உளறுவார்கள் என்பது அவள் அனுபவம். இதற்கு முன் ஆறு பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள். ஆறு பேரும் இதே நாற்காலியில், இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

நாச்சிமுத்து கருமாண்டூர் அரசுப் பள்ளியில் உதவியாளர். வேலைத் தேர்வுக்கான கேள்வித்தாள் பெட்டி இருபத்தாறு நாள் அவர் பொறுப்பில் ஓர் அறையில் இருந்தது. தேர்வு நாளன்று காலையில் எல்லார் முன்னிலையிலும் பெட்டியின் முத்திரையை வாசித்தவள், தேர்வுத் துறையின் வாசிப்பாளரான நவமணி. முத்திரை விழுந்திருந்தது. அந்த மாவட்டத்தில் தேர்வு ரத்தானது. பதினோராயிரம் பேர் வீடு திரும்பினார்கள். அவர்களில் நாச்சிமுத்துவின் அக்காள் மகளும் ஒருத்தி என்பது மறுநாளே தெரியவந்தது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

முத்திரை என்றால் அரக்கோ ஈயமோ அல்ல. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு உலோகத் தகடு. காந்தமாகவும் ஆகாமல், காந்தமில்லாமலும் போகாமல், இரண்டுக்கும் நடுவே ஒரு விளிம்பில் நிறுத்தப்பட்ட கூட்டுப்பொருள். பெட்டியின் மூடியை யாராவது நெம்பினால் தகட்டின் மேல் அழுத்தம் மயிரிழை மாறும். அவ்வளவு போதும், ஒரு பக்கம் சாய்ந்து காந்தமாகிவிடும். சாய்ந்ததைத் திரும்ப நிறுத்த ஆய்வு நிலையத்தின் உலையால்தான் முடியும். துறையில் இதை 'நிற்கிறது', 'விழுந்தது' என்ற இரண்டே சொல்லில் சொல்வார்கள். வாசிப்புக் கருவியின் திரையில், நிற்கும் தகடு ஓயாமல் நடுங்கும் ஒரு கோடாகத் தெரியும். விழுந்துவிட்டால் கோடு அடங்கிவிடும்.

முத்திரை வந்து நான்கு வருடம் ஆகிறது. மனிதர்களை விசாரிப்பதைவிட உலோகத்தை விசாரிப்பது மேல் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு நான்கு வருடம்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள். "நாளைக்கு நாலு மணிக்கு நான் அறிக்கையில கையெழுத்துப் போட்டுடுவேன். அதுக்கப்புறம் போலீஸ்தான்."

நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்தார். "குளவி, மேடம்."

"என்ன?"

"பெட்டி வந்த மூணாம் நாளே, கொண்டிக்கும் மூடிக்கும் நடுவால குளவி மண்ணுக்கூடு கட்டிப்போடுச்சுங்க. இடிச்சுப் போடலாமான்னு எச்செம்கிட்ட, எங்க பெரிய வாத்தியாருகிட்டக் கேட்டனுங்க. பெட்டி மேல கையே வெக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. அன்னைக்கு முத்திரைய வாசிச்சு முடிச்சப்புறம், உங்க முன்னாலதானுங்க போலீஸ்காரரு லத்தியில தட்டி ஒடச்சாரு. உள்ளார குளவிக் குஞ்சுக்கு றெக்கை மொளச்சிருந்துச்சுங்க. கூடு ஒடயாம மூடி எப்படிங்க தொறக்கும்?"

அவளுக்கு நினைவு வந்தது. லத்தி பட்டதும் செம்மண் உதிர்ந்து அவள் சேலைக் கொசுவத்தில் விழுந்தது. முகம் சுளித்துத் தட்டிவிட்டாள். அதற்குள் ஏதோ அசைந்ததுகூட நினைவிருந்தது.

"முன்னாடியே இதை ஏன் சொல்லல?"

"யாருங்க கேட்டாங்க?"

அவர் எழுந்து கும்பிட்டபோது கைகள் வெளியே வந்தன. இரண்டும் நடுங்கின. பெட்டியை வாசித்த அன்றும் இப்படித்தான் நடுங்கின. அவள் மனதில் அவரைக் குறித்துவைத்ததே அதனால்தான்.

அவர் போனபின் நவமணி ஒவ்வொரு வழியாக எண்ணிப் பார்த்தாள். பழைய கூடு ஒன்றைப் பெயர்த்து ஈரமண் வைத்து ஒட்டியிருக்கலாம். அப்படிச் செய்யக்கூடிய ஆள்தானா? செய்யக்கூடியவர்கள் பார்க்க அப்படி இருப்பதில்லை. பூச்சியியல் படித்த தோழி ஒருத்தியைத் தொலைபேசியில் கேட்டாள். அந்த வகைக் குளவிக்கு முட்டையிலிருந்து இறக்கை வர மூன்று வாரமாவது ஆகும் என்று பதில் வந்தது. இருபத்தாறில் மூன்று போனால் இருபத்து மூன்று. கணக்கு நாச்சிமுத்துவின் பக்கம் இருந்தது.

அப்படியானால் பொய் சொன்னது தகடு. தகடு பொய் சொல்கிறது என்றால், அது அதைச் செய்தவருக்குத் தெரியாமல் இருக்காது.

*

காந்தப் பொருள் ஆய்வு நிலையம் கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. தகட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் கபூர். ஐம்பதைத் தொடும் வயது, ஒல்லியான உடம்பு. அன்று மதியம் அவள் உள்ளே நுழைந்ததும் மேசைமேல் இருந்த ஒரு தாளைக் கவிழ்த்து வைத்தார். நவமணி அதையும் கவனித்தாள்.

"அடிப்படையிலிருந்து சொல்லுங்க," என்றாள். "தகடு தானா விழுமா?"

பத்து வருடம் பள்ளியில் இயற்பியல் கற்பித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் அவள். பதில் தெரியும். தெரியாதவள்போல் கேட்டாள். மறைப்பவர்கள் தெரிந்த பாடத்தில்தான் தடுமாறுவார்கள்.

கபூர் தடுமாறவில்லை. "வெண்ணெய் உருகுறது சூட்டால. இந்த மாற்றம் அப்படி இல்ல. எல்லாச் சூட்டையும் எடுத்துட்டு, அணுவெல்லாம் அடங்கின பிறகும் இது அடங்காது. காந்தமா ஆகவா, வேண்டாமான்னு தயங்கிட்டே நிக்கும். சூடே இல்லாத இடத்துலயும் அந்தத் தயக்கம் இருக்கும். அழுத்தத்தையோ காந்தப் புலத்தையோ துளி மாத்தினா ஒரு பக்கம் போயிடும்."

"அது கடுங்குளிர்ல. நம்ம பெட்டி கருமாண்டூர் வெயில்ல இருக்கு."

"அந்தப் புள்ளி அடியில குளிர்லதான் இருக்கு. ஆனா அதோட நிழல் மேல விரிஞ்சுகிட்டே வரும். மத்த உலோகத்துல பாதி வழியில மங்கிடும். நம்ம கூட்டுப்பொருள்ல இந்த ரூம் வரைக்கும் வருது. அது ஒண்ணுதான் எங்க கண்டுபிடிப்பு." அவர் பக்கத்து அறைக் கதவைத் திறந்து காட்டினார். அலமாரி அலமாரியாகத் தகடுகள். "நாலாயிரம் இருக்கு. ரெண்டு வருஷமா ராப்பகலா பதிவு ஓடுது. ஒண்ணுகூட தானா விழல. எங்கயோ ஒரு விரல் தட்டணும், மேடம்."

"பதிவை நீங்களே எழுதுறீங்க."

"ஆமா. வாசிப்பை நீங்களே வாசிக்கிறீங்க."

பிறகு கபூர் மேசைக்குத் திரும்பி, கவிழ்த்த தாளை நிமிர்த்தி அவள் பக்கம் தள்ளினார்.

"நாலு வருஷத்துல ஒன்பது விழுந்திருக்கு. ரெண்டு மத்தவங்க வாசிச்சது. அந்த ரெண்டுலயும் கேள்வித்தாள் போன்ல சுத்தினது நிஜம், ஆளும் ஒத்துக்கிட்டான். பாக்கி ஏழும் நீங்க. ஏழுல ஒண்ணுலகூட கேள்வி வெளிய வந்ததா யாரும் காட்டல."

"கெட்டிக்காரத்தனமா மறைச்சிருப்பாங்க."

"ஏழு பேருமா? நைட் வாட்ச்மேனு, பெருக்கறவரு, பியூனு... எல்லாரும் அவ்வளவு கெட்டிக்காரங்களா?"

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"சொல்ல வரல. சொல்லிட்டேன். போன மாசமே மேல எழுதி அனுப்பிட்டேன், நீங்க வேணும்னே தட்டி விடறீங்கன்னு. யாருக்காகன்னு மட்டும் எனக்குத் தெரியாது."

நவமணிக்குக் கோபம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தன்னை ஒருவர் இப்படிப் பார்த்துக்கொண்டு, தன் கைகளைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார். போன வருடம் 'கூர்ந்த பார்வை' என்று பாராட்டுக் கேடயம் வாங்கினாளே, அன்று முன்வரிசையில் இந்த ஆள்தான் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"வைங்க தகட்டை," என்றாள்.

கபூர் பத்துத் தகடுகளை எடுத்துவந்தார். அவள் துப்பட்டாவைப் பின்னால் முடிச்சிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி பிளாஸ்டிக் தட்டில் போட்டாள். வாசிக்குமுன் இரும்பைத் தள்ளிவைப்பது விதி. சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாம் தட்டுக்குப் போய்விடவேண்டும். தாலியைக் கழற்றமாட்டேன் என்று ஒரு ஊரில் கண்காணிப்பாளர் அம்மா அழுததில், தங்கமும் வெள்ளியும் இருக்கலாம் என்று தனிச் சுற்றறிக்கையே வந்திருந்தது.

தகட்டை அதன் சட்டத்தோடு கருவியின் மேல் வைத்தபின் கோடு தெளிய ஒரு நிமிடம் ஆகும். மற்ற வாசிப்பாளர்கள் அந்த ஒரு நிமிடம் கைகட்டித் தள்ளி நிற்பார்கள். நவமணிக்கு மட்டும் ஒரு பழக்கம் உண்டு. பெட்டிக்கு உரியவர்மேல் சந்தேகம் வந்தால் குனிந்து, பூதக்கண்ணாடி வழியே தகட்டின் விளிம்பைப் பார்ப்பாள், நெம்பிய கீறல் ஏதும் இருக்கிறதா என்று. விதியில் அதற்குத் தடை இல்லை.

பத்துத் தகட்டுக்கும் குனிந்து பார்த்தாள். பத்துக் கோடும் நடுங்கின. பத்தும் நின்றன.

கபூரின் முகம் தொங்கிப்போயிற்று. "அங்க எப்படிச் செய்வீங்களோ அப்படியேதான் செஞ்சீங்களா?"

"அப்படியேதான்," என்றாள். பொய் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான்கு வருடத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முந்நூறு பெட்டிக்கு மேல் வாசித்திருக்கிறாள். எத்தனைக்குக் குனிந்தாள்? எல்லாவற்றிலும் சந்தேகம் வந்ததில்லை. முதலாவதாக ஒரு துப்புரவுப் பணியாளர். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அப்புறம் சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்த பியூன். நான்காவது வேலப்பன், இரவுக் காவலர். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர். வழக்கு நடக்கும்போதே வாய்க்காலில் மிதந்தார். தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டார்கள். ஏழாவது நாச்சிமுத்து.

ஏழு முறைதான் குனிந்திருக்கிறாள். குனிந்த பெட்டி ஒன்றுகூட நின்றதில்லை.

ஆளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறோம் என்று அவள் இத்தனை நாள் நம்பியது அதனால்தான். இன்று பத்து முறை குனிந்தாளே, ஏன் ஒன்றும் விழவில்லை?

*

மறுநாள் காலை பத்து மணிக்கே அவள் சேலை எடுத்து வைத்துவிட்டாள். அலுவலக நாட்களில் சுடிதாரும் மேல்கோட்டும் போதும். பொது வாசிப்புக்கும், விசாரணை அலுவலர் முன் ஆஜராவதற்கும் மட்டும் அலுவல் உடை. ஆண்களுக்கு முழுக்கைச் சட்டை, பெண்களுக்குச் சேலை.

கஞ்சி போட்ட பருத்திச் சேலையை மடிப்பெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஊட்டியில் வாங்கிய தேயிலைக் கூடைக்காரி பொம்மைக் காந்தம் ஒட்டியிருந்தது. அதன் பாதத்தில்தான் அவளுடைய ஊக்குகள் எப்போதும் கிடக்கும். பெரிய ஊக்கு ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஊக்கு வந்தது. அதன் நுனியில் இன்னொன்று.

அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். ஊக்குகள் விழவில்லை. காந்தத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, ஜன்னலருகே போய் நின்றாள். மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாகத் தொங்கின.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் சுதாகர் நிமிர்ந்து பார்த்தான். "ஏ நவா, ஊக்குல என்ன மாலை கட்டறே? யாருக்குப் போடப் போறே?"

"இதை யாருங்க இங்க மாட்டினது?"

"நீதான். ஊக்கு தொலைஞ்சுட்டே இருக்குதுன்னு நீதான காந்தத்துல ஒட்டி வெச்சே, நாலஞ்சு வருஷமாச்சு. பிசிக்ஸ் டீச்சர் மூளையே மூளைன்னு நான்கூட மெச்சிக்கிட்டேன்."

அவள் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஊக்கு குத்தும் இடம், நேற்று சுடிதாரில் வெறுமையாக இருந்த இடம். தகட்டைப் பார்க்கக் குனியும்போது அந்தத் தோள்தான் முதலில் இறங்கும். பூமியின் காந்தம் அசையாதது, அதை வாசிப்புக் கருவி கழித்துவிடும். தள்ளி நிற்பவளின் ஊக்கும் அதற்குப் பொருட்டில்லை. சாண் தூரத்தில் வந்து இறங்கும் ஒன்றைக் கழிக்க அதற்குத் தெரியாது.

கடிகாரம், சாவி, பெல்ட், தாலி, மெட்டி என்று எல்லாவற்றையும் சுற்றறிக்கை எழுதியவர்கள் யோசித்திருந்தார்கள். சேலை தோளில் எதனால் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவளுக்கு அது இரும்பாகத் தோன்றியதே இல்லை. அது சேலையின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

"இட்லி ஆறுது," என்றான் சுதாகர்.

அவள் தொலைபேசியை எடுத்துக் கபூரை அழைத்தாள். "நாலு மணிக்கு வாங்க. ரெண்டு புதுத் தகடும் வாசிப்புக் கருவியும் எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"நீங்க எழுதி அனுப்பினது பாதி சரி."

*

விசாரணை அலுவலர் அரங்கநாயகம் பொறுமைசாலி. மேசைமேல் இருந்த அறிக்கையில் நவமணி கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்திருந்தார். நாச்சிமுத்து பின்னால் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கபூர் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் பார்வை நவமணியின் கைகளை விட்டு விலகவில்லை.

தட்டு வந்தது. எல்லாரும் இரும்பைப் போட்டார்கள். நவமணி கடிகாரத்தைப் போட்டாள். பிறகு தோளிலிருந்த ஊக்கைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். கடிகாரத்தின் எஃகுக் கண்ணியில் அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. சேலை மடிப்புகள் கலைந்து சரிய, இடது கையால் பிடித்துக்கொண்டாள். தட்டை வெளியே அனுப்பினாள்.

முதல் தகட்டை வைத்துக் குனிந்து பார்த்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. கோடு நடுங்கியது.

"நிற்கிறது," என்றார் கபூர்.

தட்டை உள்ளே வரவழைத்து ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டாள். இரண்டாவது தகட்டை வைத்தாள். கருமாண்டூரில் குனிந்ததைப் போலவே குனிந்தாள். திரையில் கோடு இரண்டு முறை துள்ளியது. பிறகு அடங்கி, ஒரே நேராகக் கிடந்தது.

கபூர் 'விழுந்தது' என்று சொல்லவில்லை. நவமணி ஊக்கை மறுபடி கழற்றி மேசைமேல், அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அரங்கநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எத்தனை வருஷமா?" என்றார் கடைசியில்.

"நாலு வருஷமும், சார்."

"அப்ப மத்த ஆறு பேர்?"

"ஆறு பேரும்தான்."

"ஒருத்தர் இல்லை இப்ப."

"ஆமா."

அவர் குரலைத் தணித்தார். "இவரை இன்னைக்கே விட்டுடலாம். 'வாசிப்பில் ஐயம் எழுந்ததால்'னு ஒரு வரி எழுதுங்க, போதும். உங்க பேரும் கெடாது. ஆறு பரீட்சை ரத்தாச்சு மேடம், எத்தனை பசங்களுக்கு வயசு தாண்டிப் போச்சு. அதையெல்லாம் இப்பத் தோண்டினா, நாளைக்கு நிஜமாவே தொறந்த பெட்டியைக்கூட எவனும் ஒத்துக்க மாட்டான்." பிறகு அப்பாவைப் போலப் பரிவாகச் சொன்னார்: "சேலை நழுவுது பாருங்க. ஊக்கைக் குத்திக்குங்க."

நவமணி ஊக்கைப் பார்த்தாள். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

இடது கையால் சேலையைப் பிடித்தபடி, வலது கையால் அறிக்கையைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். 'கீழ்க்கண்ட ஏழு முத்திரைகளையும் நான் வீழ்த்தினேன்' என்று எழுதி, பெயர்களை வரிசையாக எழுதினாள். நான்காவது பெயரில் பேனா சற்று நின்றது. வேலப்பனுக்குத் தகப்பன் பெயர் என்ன? விசாரணைத் தாளில் பார்த்த நினைவு. எவ்வளவு முயன்றும் வரவில்லை. இடம் விட்டுவிட்டு ஐந்தாவதற்குப் போனாள். கபூர் தலையைக் குனிந்துகொண்டார். அரங்கநாயகம் தடுக்கவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. அந்தத் தாள் இந்த அறையைத் தாண்டுமா என்று அவள் யோசித்தாள். கபூர் ஒருவர் பார்த்திருக்கிறார். எழுதி அனுப்பும் பழக்கம் உள்ளவர்.

எழுதி முடித்து அவள் வெளியே வந்தபோது, முன்னமே எழுந்து போயிருந்த நாச்சிமுத்து தாழ்வாரத்தில் காத்துக்கொண்டிருந்தார். அவள் அருகே வந்ததும் எழுந்தார். நன்றி சொல்வார் என்று அவள் பயந்தாள். அவர் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கறனுங்க. அன்னைக்கு ரெண்டு பெட்டி இருந்துச்சுங்க. ஒண்ணு எச்செம் ரூம்புல, ஒண்ணு என்ற ரூம்புல. எச்செம் பெட்டியத் தள்ளி நின்னுதானுங்க பாத்தீங்க. என்ற பெட்டிக்கு மட்டும் ஏனுங்க குனிஞ்சீங்க?"

இப்போது அவர் கைகளை மறைக்கவில்லை. இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. சின்ன வயதிலிருந்தே அப்படியாக இருக்கலாம். அவள் ஒருபோதும் கேட்டதில்லை.

"நான் வேணும்னு செய்யலைங்க," என்றாள்.

தோளிலிருந்து நழுவும் சேலையை அழுத்திப் பிடித்திருந்த அவள் கையை நாச்சிமுத்து பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க," என்றார்.